பாடக் குறிப்பு எடுப்பது எப்படி: பாடத்துக்குப் பாடம் மாறும் முறைகள்

புதிதாக ஒரு படிப்பில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் எல்லாப் பாடத்துக்கும் ஒரே மாதிரிதான் நோட்ஸ் எடுக்கிறார்கள். ஆசிரியர் சொல்வது காதில் விழும், கை அதை அப்படியே எழுதும். கணக்கானாலும் வரலாறானாலும் அதே வேகம், அதே பத்தி பத்தியான எழுத்து. வகுப்பு முடியும்போது நோட்டு நிறைந்திருக்கும். இன்று என்ன நடத்தினார்கள் என்று யாராவது கேட்டால் நோட்டைப் புரட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கும். இப்படி ஈயடிச்சான் காப்பி அடித்தால் கிடைப்பது பாடப்புத்தகத்தின் இன்னொரு பிரதி, அதுவும் பிழைகளோடு.

நல்ல குறிப்பா இல்லையா என்று பார்க்க நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்தால், பதிலைக் கையால் மறைத்துக்கொண்டு உங்களை நீங்களே கேள்வி கேட்க முடிய வேண்டும். எந்த மாதிரியான கேள்வி என்பதைப் பாடம்தான் முடிவு செய்யும். கணக்கில் ‘எந்த நிபந்தனையில் இது செல்லும்’ என்பது முக்கியம். வேதியியலில் ‘இதை மாற்றினால் என்ன ஆகும்’. வரலாற்றில் ‘ஏன் அப்போது நடந்தது, ஏன் அதற்கு முன்பே நடக்கவில்லை’. கேள்வி மாறும்போது குறிப்பின் வடிவமும் மாறத்தான் வேண்டும். கீழே முதல் மூன்று படிகள் எல்லாப் பாடத்துக்கும் பொதுவானவை. நான்காவது படி பாடம் பாடமாகப் பிரிகிறது, அதுதான் நீளமும்கூட.

1. வகுப்புக்கு முன் பத்து நிமிடம்

அன்றைக்கு நடக்கப்போகும் பகுதியின் தலைப்புகள், படங்கள், கடைசியில் உள்ள பயிற்சிக் கேள்விகள் ஆகியவற்றை ஒரு பார்வை பாருங்கள். புரிந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புதிய சொற்கள் என்னென்ன என்று தெரிந்தால் போதும். வகுப்பில் ‘குன்றல் பிரிவு’ என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்பவர் அதன் எழுத்துக்கூட்டலிலேயே சிக்கிக்கொள்வார். ஏற்கெனவே கண்ணில் பட்டவருக்குப் பொருளில் கவனம் போகும். அப்புறம், விடை தெரியாத இரண்டு கேள்விகளைப் பக்கத்தின் தலையில் எழுதி வையுங்கள்.

நோட்டு பற்றி ஒரு வார்த்தை. தைத்த நோட்டைவிட, துளையிட்டுக் கோப்பில் போடும் தனித்தாள்கள் வசதி என்பது என் கருத்து. மூன்று வாரம் கழித்து ஒரு படத்தையோ ஒரு கணக்கையோ நடுவில் செருக முடியும். தைத்த நோட்டுதான் வைத்திருக்கிறீர்கள் என்றால், வலப்பக்கத்தில் மட்டும் எழுதி இடப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். எல்லாத் தாளிலும் தேதி, பாடம், பக்க எண் கட்டாயம்.

2. வகுப்பில் எழுதுவது

பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். இடது ஓரத்தில் சுமார் 6 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு கோடு, அடியில் சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு. மிச்சமுள்ள பெரிய கட்டத்தில் மட்டும் வகுப்பு நேரத்தில் எழுத வேண்டும். இடது ஓரம் கேள்விகளுக்கு, அடிப்பகுதி சுருக்கத்துக்கு. இரண்டும் வகுப்பு முடியும்வரை காலியாகவே இருக்கட்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் படிப்புமுறை கற்றுக்கொடுத்த வால்டர் பாக் 1950களில் வகுத்த முறை இது. கார்னெல் முறை என்ற பெயரிலேயே இன்றும் உலகம் முழுக்கச் சொல்லித்தருகிறார்கள்.

பெரிய கட்டத்தில் முழு வாக்கியங்கள் வேண்டாம். ஆனால் ‘ஆகவே’, ‘ஆனால்’, ‘தவிர’, ‘என்றால் மட்டும்’ போன்ற இணைப்புச் சொற்களை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அவசரத்தில் எழுதுபவர்கள் முதலில் கைவிடுவது இவற்றைத்தான். பெயர்ச்சொற்களைப் புத்தகத்தில் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். ஆசிரியர் ஒன்றையொன்று எப்படிக் கோத்தார் என்பது புத்தகத்தில் இருக்காது. இந்தச் சொற்களுக்கு அம்புக்குறி, மூன்று புள்ளி என்று உங்களுக்கான அடையாளங்களை வைத்துக்கொண்டு, முதல் தாளில் அவற்றுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதிவிடுங்கள்.

ஆசிரியர் ஒரே விஷயத்தை இரண்டாம் முறை சொன்னாலோ, ‘இதில் மூன்று காரணங்கள்’ என்று எண்ணிக்கை போட்டாலோ, புத்தகத்தில் இல்லாத எடுத்துக்காட்டைப் பலகையில் எழுதினாலோ பேனா ஓடத்தான் வேண்டும். ஏதாவது தவறிப்போனால் ஒரு கேள்விக்குறி போட்டு மூன்று வரி இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் எட்டிப் பார்க்கும் நேரத்தில் இன்னும் இரண்டு விஷயம் போய்விடும்.

தாளா, மடிக்கணினியா? 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மடிக்கணினியில் தட்டச்சு செய்த மாணவர்கள் அதிகச் சொற்களை, பெரும்பாலும் பேச்சை அப்படியே பதிவு செய்தார்கள். கருத்தைச் சோதிக்கும் கேள்விகளில் கையால் எழுதியவர்களே மேலாக இருந்தார்கள். பிறகு அதே சோதனையை வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்தபோது அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே கருவியைவிட, பேச்சை அப்படியே இறக்கும் பழக்கத்தைத்தான் விட வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். படம், சமன்பாடு, வரைகோடு நிறைந்த பாடங்களுக்கு மட்டும் தாளோ, பேனாவால் எழுதக்கூடிய பலகைக் கணினியோ இல்லாமல் முடியாது.

3. அன்றே, தூங்குவதற்கு முன்

ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைப் பட்டியல் பட்டியலாகத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில் மறதி வேகமாக இருக்கிறது, போகப் போக மெதுவாகிறது என்பது அவர் கண்டது. வகுப்பில் கேட்டது இன்னும் நினைவில் இருக்கும்போதே குறிப்பைத் திருத்தினால்தான் அந்தக் கேள்விக்குறிகளை நிரப்ப முடியும். வார இறுதிக்குத் தள்ளிவைத்தால் உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது.

பின்னாளில் பெரிய அறிவியலாளரான மைக்கேல் ஃபாரடே புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய இளைஞராக இருந்தபோது, 1812இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்கப் போனார். அரங்கில் வேகமாகக் குறித்துக்கொண்டதை வீட்டில் படங்களோடு விரிவாகத் திரும்ப எழுதினார். அதைத் தன் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே டேவியின் உதவியாளராக வேலை கிடைத்தது. அந்தப் புத்தகத்தை உருவாக்கியது இரண்டாவது முறை எழுதிய எழுத்துதான்.

நாம் அவ்வளவு எழுத வேண்டியதில்லை, இருபது நிமிடம் போதும். விடுபட்டதை நிரப்பி, இடது ஓரத்தில் கேள்விகள் எழுதி, கடைசியாகப் பக்கத்தை மறைத்துக்கொண்டு அடிப்பகுதியில் நாலு வரிச் சுருக்கம் எழுதுங்கள்.

கேள்வி எழுதுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள், அதனால் ஒன்றை எடுத்துப் பார்ப்போம். அம்மோனியா தயாரிக்கும் ஹேபர் முறை. வகுப்புக் குறிப்பில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: ஒரு பங்கு நைட்ரஜன், மூன்று பங்கு ஹைட்ரஜன் சேர்ந்து இரண்டு பங்கு அம்மோனியா, வெப்ப உமிழ் வினை, மீள் வினை (இரு திசையிலும் நடப்பது), 400 முதல் 450 டிகிரி செல்சியஸ், சுமார் 200 வளிமண்டல அழுத்தம், இரும்பு வினையூக்கி.

இதற்கு ‘ஹேபர் முறை என்றால் என்ன?’ என்று எழுதினால் பட்டியலை ஒப்பிக்கத்தான் தூண்டும். அதற்குப் பதிலாக இந்த மூன்றையும் எழுதிப் பாருங்கள். அழுத்தத்தைக் கூட்டினால் அம்மோனியா ஏன் கூடுகிறது? (நான்கு பங்கு வாயு இரண்டு பங்காகக் குறைகிறது, அதனால் அழுத்தம் சமநிலையை அந்தப் பக்கம் தள்ளுகிறது.) வெப்பத்தை உமிழும் வினைக்குக் குளிர்ச்சிதானே நல்லது, பின் ஏன் 400 டிகிரிக்கு மேல் வைக்கிறார்கள்? (குறைந்த வெப்பநிலையில் விளைச்சல் கூடும், ஆனால் வினை மிக மெதுவாக நடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்.) இரும்பு சேர்த்தால் அம்மோனியாவின் விகிதம் கூடுமா? (கூடாது. முன்னோக்கியும் பின்னோக்கியும் வினையை ஒரே அளவு விரைவுபடுத்துகிறது, சமநிலை சீக்கிரம் வரும், இடம் மாறாது.) இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்தவருக்கு எண்களைத் தனியாக நெட்டுருப் போடும் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

4. பாடத்துக்கு ஏற்ற வடிவம்

கணக்குக்குப் பெரிய கட்டத்தையே இரண்டாக மடக்குங்கள். ஒரு பக்கம் படிகள், எதிரே ஒவ்வொரு படிக்கும் காரணம். கீழே தனியாக ‘நிபந்தனை’ என்று ஒரு வரி. இந்த நிபந்தனை வரி இல்லாத சூத்திரம் ஆபத்தானது. முடிவில்லாத பெருக்குத் தொடரின் கூட்டுத்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்றிலிருந்து பொது விகிதத்தைக் கழித்து, வருவதால் முதல் உறுப்பை வகுக்க வேண்டும். 1 + 1/2 + 1/4 என்று போகும் தொடருக்கு 2 வருகிறது, சரி. அதே சூத்திரத்தை 1 + 2 + 4 + 8 என்று போகும் தொடருக்குப் போட்டால் விடை −1. நேர் எண்களை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் குறை எண் எப்படி வரும்? பொது விகிதம் −1க்கும் 1க்கும் நடுவில் இருந்தால் மட்டுமே இந்தச் சூத்திரம் செல்லும். இப்படிச் சூத்திரம் உடையும் இடத்தை ஒரு எடுத்துக்காட்டோடு எழுதி வைத்தால் நிபந்தனை மறக்காது.

கணக்குக்கு இன்னொரு தாளும் வேண்டும்: தவறுகளின் தாள். பயிற்சியில் தப்பாய்ப் போன ஒவ்வொரு கணக்குக்கும் தப்பான வரியையும் சரியான வரியையும் அருகருகே எழுதி, ஏன் தவறினோம் என்று ஒரு வரி. ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் பயனில்லை. ‘அடைப்பை நீக்கும்போது இரண்டாம் உறுப்பின் குறியை மாற்றவில்லை’ என்று குறிப்பாக இருக்க வேண்டும்.

இயற்பியலிலும் நிபந்தனை வரி உண்டு. முடுக்கம் மாறாமல் இருந்தால்தான் பள்ளியில் படிக்கும் இயக்கச் சமன்பாடுகள் செல்லும். ஆனால் இங்கே முதலில் வர வேண்டியது படம். பொருளைத் தனியே வரைந்து, அதன்மேல் செயல்படும் விசைகளை மட்டும் அம்புகளாகப் போட்ட பிறகுதான் சமன்பாடு. அளவுகளை எழுதும்போது அலகோடு எழுதுங்கள். கேள்வி எழுதும்போது நம் உள்ளுணர்வு ஏமாறும் இடத்தைத் தேடுங்கள். மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது; அப்போது அதன் முடுக்கம் என்ன? பூச்சியம் என்று சொல்லத் தோன்றும். திசைவேகம்தான் பூச்சியம். முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி, ஒரு வினாடி வர்க்கத்துக்கு சுமார் 9.8 மீட்டர்.

வேதியியலில் ஹேபர் முறையைப் பார்த்துவிட்டோம். கரிம வேதியியலுக்கு மட்டும் வேறு வடிவம்: ஒரு பெரிய தாளில் சேர்ம வகைகளை வட்டங்களாகப் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வினையை அம்பாக வரைந்து, அம்பின்மேல் வினைப்பொருளையும் சூழலையும் எழுதுங்கள். ஓரிணைய ஆல்கஹாலிலிருந்து ஆல்டிஹைடுக்கு ஓர் அம்பு, அங்கிருந்து கார்பாக்சிலிக் அமிலத்துக்கு இன்னொன்று. முதல் அம்பின் அருகே ‘உருவானதும் வடித்தெடுக்காவிட்டால் அமிலமாகிவிடும்’ என்று ஒரு குறிப்பு. பருவம் முழுக்க அந்த ஒரே தாள் வளர்ந்துகொண்டே போகட்டும்.

உயிரியலில் சொற்கள் மலைபோல் குவியும். பத்தியாக எழுதினால் தீராது. ஓட்டம் இருக்கும் இடத்தில் அம்புச் சங்கிலி போடுங்கள்: உடல் → பெருஞ்சிரை → வலது ஆரிக்கிள் → வலது வெண்ட்ரிக்கிள் → நுரையீரல் தமனி → நுரையீரல் → நுரையீரல் சிரை → இடது ஆரிக்கிள் → இடது வெண்ட்ரிக்கிள் → பெருந்தமனி → உடல். ஆக்சிஜன் குறைந்த இரத்தம் ஓடும் பகுதியை நீலத்திலும் மற்றதைச் சிவப்பிலும் எழுதினால், பெரியவர்களின் உடலில் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைச் சுமக்கும் தமனி நுரையீரல் தமனி ஒன்றுதான் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். குழப்பும் இணைகளுக்கு அட்டவணை: செல் பிரியும் இரண்டு வகைகளில், மைட்டாசிஸில் ஒரு பிரிவு, இரண்டு செல்கள், குரோமோசோம் எண்ணிக்கை மாறாது; குன்றல் பிரிவில் இரண்டு பிரிவுகள், நான்கு செல்கள், எண்ணிக்கை பாதி. பெயர் எழுதாத படத்தைச் சில பிரதிகள் எடுத்து வைத்துக்கொண்டு நினைவிலிருந்து பெயர்களை நிரப்பிப் பாருங்கள்.

வரலாற்றில் ஆண்டுகளை மட்டும் வரிசையாக எழுதிவிட்டுக் குறிப்பு முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். காலக்கோடு தேவைதான், ஆனால் காரணங்களை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் பக்கம் அதைவிட முக்கியம். பிரெஞ்சுப் புரட்சியை இப்படிப் பிரிக்கலாம். நெடுங்காலக் காரணம்: மதகுருமாருக்கும் பிரபுக்களுக்கும் இருந்த வரிச் சலுகைகள். சில ஆண்டுகளாகச் சேர்ந்த காரணம்: அமெரிக்க விடுதலைப் போருக்குச் செய்த செலவும் சேர்ந்து காலியான அரசுக் கருவூலம். உடனடிக் காரணம்: 1788இல் விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியது. அதன் எதிரே காலக்கோடு: 1789 மே 5 மூன்று வகுப்பாரின் பேரவை கூடியது, ஜூன் 17 மூன்றாம் வகுப்பினர் (மதகுருமாரும் பிரபுக்களும் அல்லாத மக்களின் பிரதிநிதிகள்) தங்களைத் தேசிய சபை என்று அறிவித்தார்கள், ஜூன் 20 டென்னிஸ் மைதான உறுதிமொழி, ஜூலை 14 பாஸ்டில் சிறை வீழ்ந்தது. இப்போது இடது ஓரத்தில் எழுதுங்கள்: ‘வரிச் சலுகை பல தலைமுறையாக இருந்ததே, 1789இல் மட்டும் ஏன் வெடித்தது?’ கட்டுரைத் தேர்வில் கேட்கப்போவது ஏறக்குறைய இதுதான். வரலாற்றாசிரியர்கள் எந்தக் காரணத்துக்கு எடை கொடுக்கிறார்கள் என்பதில் வேறுபடுவார்கள். யார் எதைச் சொன்னார் என்பதைத் தனி நிற மையில் எழுதுங்கள். நிகழ்வும் கருத்தும் கலந்துபோகக் கூடாது.

பொருளாதாரத்தில் வரைகோடு இல்லாத குறிப்பு அரைகுறைதான். பேனாவின் விலை குறைந்தால் அதே தேவைக் கோட்டின்மேல் நகர்கிறோம். வாங்குபவர்களின் வருமானம் கூடினால் கோடே இடம் மாறுகிறது. இரண்டையும் அருகருகே வரைந்து வையுங்கள்.

இலக்கியத்துக்குச் சின்ன மேற்கோள், யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது, அதற்கு எதிரே உங்கள் வாசிப்பு. மேற்கோள் நீளமாக இருந்தால் தேர்வில் நினைவுக்கு வராது. சட்ட மாணவர்கள் ஒவ்வொரு வழக்குக்கும் நடந்தது, சட்டக் கேள்வி, தீர்ப்பு, தீர்ப்புக்கான காரணம் என்று நான்கு தலைப்பில் அரைப் பக்கத்துக்குள் எழுதினால் போதும். காரணம்தான் அடுத்த வழக்குக்குப் பயன்படும். மொழிப் பாடத்தில் தனிச் சொல்லாக எழுதாமல் அந்தச் சொல் வரும் வாக்கியத்தோடு எழுதுங்கள்.

கணினி அறிவியலில் நிரலைப் பார்த்து எழுதுவதால் ஒன்றும் வராது. மாறிகளின் மதிப்பு ஒவ்வொரு சுற்றிலும் எப்படி மாறுகிறது என்று அட்டவணை போட்டு, கையாலேயே ஓட்டிப் பாருங்கள். பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் பைனரி சர்ச் என்றால், வரிசைப்படுத்திய பட்டியலில் மட்டும் செல்லும் என்பது நிபந்தனை வரி. 1,000 உறுப்புகளுக்கு அதிகபட்சம் 10 ஒப்பீடு, 10 லட்சத்துக்கு 20 என்பதைப் பாதி பாதியாக வெட்டி நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்து எழுதினால், அந்த வழிமுறை ஏன் வேகமானது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

5. புத்தகத்திலிருந்து எடுக்கும்போது

ஒரு பகுதியை முழுக்கப் படித்து, புத்தகத்தை மூடி, அப்புறம் எழுதுங்கள். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் கை தானாகக் காப்பி அடிக்கப் போய்விடும். வண்ணப் பேனாவால் கோடிடுவது படித்த திருப்தியைத் தரும், அவ்வளவுதான். அமெரிக்க உளவியலாளர்கள் ஐந்து பேர் 10 படிப்பு முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2013இல் மதிப்பிட்டபோது, கோடிடுவதையும் திரும்பத் திரும்பப் படிப்பதையும் குறைந்த பயனுள்ளவை என்றே வைத்தார்கள். தன்னைத் தானே சோதிப்பதும், படிப்பை இடைவெளி விட்டுப் பரப்புவதும் உயர்ந்த இடத்தில் இருந்தன.

6. வகுப்பைத் தவறவிட்டால்

ஒருவரின் நோட்டை மட்டும் வாங்காதீர்கள், இரண்டு பேரிடம் வாங்கி ஒப்பிடுங்கள். மொழியியலாளர் சசூர் 1913இல் இறந்தபோது அவருடைய பொதுமொழியியல் பாடம் நூலாக இருக்கவில்லை. பல மாணவர்களின் குறிப்புகளை ஒப்பிட்டுச் சேர்த்துத்தான் 1916இல் அது புத்தகமானது. ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்திருப்பார். இருவரும் வேறுபடும் இடத்தை ஆசிரியரிடமே போய்க் கேட்டுவிடுங்கள். இணையத்திலிருந்து இறக்கிய நோட்ஸும், செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுக்கும் சுருக்கமும் உங்கள் குறிப்பைச் சரிபார்க்க உதவலாம். அவற்றை மட்டும் படித்தால் மூன்றாவது படியில் நடக்க வேண்டிய வேலை உங்கள் தலையில் நடக்காமல் போய்விடும்.

7. திருப்புதல்

எழுதிய மறுநாள், பிறகு நான்காவது நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் பெரிய கட்டத்தை ஒரு தாளால் மறைத்து, இடது ஓரக் கேள்விக்கு வாய்விட்டோ எழுதியோ பதில் சொல்லி, பிறகு திறந்து பாருங்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். அதனால் மறைத்துப் பார்க்கும்போது பதில் வரத் தாமதமானால் மனம் தளர வேண்டாம், உடனே தாளைத் தூக்கவும் வேண்டாம். அரை நிமிடமாவது முயன்று பாருங்கள்.

தனித்தனித் தகவல்களுக்கு, அதாவது சொற்பொருள், ஆண்டு, சூத்திரம் போன்றவற்றுக்கு, அட்டைகள் நல்லது. 1970களில் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறைப்படி சில பெட்டிகள் வைத்துக்கொள்ளுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அங்கே அதை அரிதாகத்தான் பார்ப்பீர்கள். தவறிய அட்டை முதல் பெட்டிக்கே திரும்பும், அதைத் தினமும் பார்க்க வேண்டும்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒவ்வொரு அலகுக்கும் ஒரே ஒரு தாளை எடுத்து, எதையும் பார்க்காமல் கறுப்பு மையில் தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள். பிறகு குறிப்பைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். நான்கு நாள் கழித்துப் புதுத் தாளில் மறுபடியும். இரண்டாம் தாளிலும் சிவப்பாக வந்த வரிகளை மட்டும் தனியே எழுதி, தேர்வுக்கு முந்தைய மாலை அவற்றை மட்டும் பாருங்கள்.